சென்சார் வயரை நீட்டுவது: கேள்வி பதில்

ஆய்வகத்து ஓவன், இன்குபேட்டர், ஃபிரிட்ஜ், ஃப்ரீசர் இவற்றின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் கருவிகளின் கேபிளை நீட்டுவது பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். "வயரை 5 மீட்டர் நீட்டலாமா" என்று மட்டும் கேட்டவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. நுனியில் என்ன சென்சார் இருக்கிறது என்று தெரியாமல் வயரைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கேள்வி: சார், எங்களிடம் இருப்பது என்ன சென்சார் என்றே தெரியவில்லை, லேபிள் அழிந்துவிட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது?

கருவியிலிருந்து கழற்றிவிட்டு, அறை வெப்பத்தில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 110 ஓம் பக்கம் காட்டினால் பிடி100, அதாவது சூடு ஏற ஏற மின்தடை கூடும் பிளாட்டினம் சென்சார். 1,100 பக்கம் என்றால் பிடி1000. 10 ஆயிரம் ஓமுக்கு அருகில் இருந்து, கையில் பிடித்ததும் மளமளவென்று குறைந்தால் தெர்மிஸ்டர். சில ஓம் மட்டும் என்றால் பெரும்பாலும் தெர்மோகப்புள், இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்தது. மூன்று வயர் வருகிறது, அளவும் இதில் எதற்கும் பொருந்தவில்லை என்றால் டிஜிட்டல் சென்சாராக இருக்கலாம்.

கேள்வி: ஓவனில் இருக்கும் கே டைப் தெர்மோகப்புளைச் சாதாரண செம்பு வயர் போட்டு நீட்டினோம். இப்போது 20 டிகிரி குறைவாகக் காட்டுகிறது, சில நேரம் 12. கருவி போய்விட்டதா?

கருவி நன்றாகத்தான் இருக்கிறது, வயர்தான் தப்பு. தெர்மோகப்புள் தருவது இரண்டு முனைகளுக்கு இடையிலான வெப்ப வித்தியாசத்துக்கான மின்னழுத்தம், கே டைப்பில் டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட். கருவி தன் டெர்மினலின் வெப்பத்தைத் தானே அளந்து அதோடு கூட்டிக்கொள்கிறது. நீங்கள் செம்பு வயரை இணைத்ததும் அந்த இரண்டாவது முனை கருவியை விட்டு உங்கள் ஜாயின்ட்டுக்குப் போய்விட்டது, கருவிக்கு அது தெரியாது. ஜாயின்ட் ஓவன் முதுகில் 45 டிகிரியில், கருவி ஏசி அறையில் 25 டிகிரியில் என்றால் சரியாக அந்த 20 டிகிரி காணாமல் போகும். ஓவன் முதுகின் சூடு ஏறி இறங்குவதால்தான் ஒரு நேரம் 12, ஒரு நேரம் 20. நிலையாக இல்லாத பிழை என்பதால் ஒரு எண்ணைக் கூட்டிச் சமாளிக்கவும் முடியாது.

கே டைப்புக்கு கே டைப் எக்ஸ்டென்ஷன் வயர்தான், அதாவது அந்தத் தெர்மோகப்புளுக்குப் பொருந்தும் உலோகத்திலேயே செய்த நீட்டிப்பு வயர். இடையில் வரும் கனெக்டரும் அதே உலோகத்தில் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

கேள்வி: அந்த வயரை வாங்கிவிட்டோம், எது பிளஸ், எது மைனஸ்? ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள்.

சிவப்பைப் பிளஸ் என்று நினைத்திருப்பீர்கள்! அமெரிக்க நிற முறையில் தெர்மோகப்புளின் சிவப்பு வயர் மைனஸ். சர்வதேச ஐஇசி முறையில் கே டைப்பின் பிளஸ் பச்சை, மைனஸ் வெள்ளை. நிறத்தில் சந்தேகம் இருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், கே டைப்பில் மைனஸ் கம்பியான அலுமெல் காந்தத்தில் ஒட்டும். ஒரு இடத்தில் மட்டும் மாற்றிக் கொடுத்தால் சூடாக்கும்போது அளவு இறங்கும், உடனே தெரிந்துவிடும். எக்ஸ்டென்ஷனின் இரண்டு முனையிலும் மாற்றிக் கொடுத்தால்தான் ஆபத்து. அளவு சரியான திசையிலேயே ஏறி இறங்கும், ஆனால் ஜாயின்ட்டுக்கும் கருவிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் போல இரு மடங்கு பிழை உள்ளே உட்கார்ந்திருக்கும், யாருக்கும் தெரியாது.

கேள்வி: பிடி100, இரண்டு வயர். 10 மீட்டர் நீட்டியதும் ஃபிரிட்ஜ் 4 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது, அண்ணா.

உங்கள் வயர் 0.22 சதுர மில்லிமீட்டர் போலிருக்கிறது. அந்தக் கனத்தில் செம்பு வயர் மீட்டருக்கு 0.078 ஓம், போக வர 20 மீட்டர், மொத்தம் 1.56 ஓம். பிடி100 டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாறும், வகுத்துப் பாருங்கள், அந்த 4 டிகிரி வந்துவிடும். இங்கே செம்பு வயரால் தவறில்லை, அதன் மின்தடையைக் கணக்கில் எடுக்காததுதான் பிரச்சினை. சென்சார் தலைப்பகுதியிலிருந்தே மூன்று வயர் கொண்டுவந்தால் கருவி அதைக் கழித்துக்கொள்ளும், ஆனால் மூன்றும் ஒரே நீளம், ஒரே கனமாக இருக்க வேண்டும். கையில் கிடைத்த துண்டை ஒரு வயருக்கு மட்டும் ஒட்டுப்போட்டால் மூன்று வயர் போட்டதன் பயனே போய்விடும். துல்லியம் முக்கியம் என்றால் நான்கு வயர், கருவி ஏற்றுக்கொண்டால்.

கேள்வி: அதற்குப் பதில் கருவியில் மைனஸ் 4 என்று ஆஃப்செட் (காட்டும் அளவில் எப்போதும் கழிக்கும் எண்) போட்டால் போதாதா?

போதும், ஓரளவுக்கு. கேபிள் போகும் இடம் 10 டிகிரி சூடானால் அந்த 1.56 ஓம் 0.06 ஓம் போலக் கூடும், அதாவது 0.16 டிகிரி பிழை. சாமான் வைக்கும் ஃபிரிட்ஜுக்குப் பரவாயில்லை. ஆனால் நாளைக்கு யாராவது கருவியை மாற்றினாலோ கேபிளை வெட்டினாலோ அந்த மைனஸ் 4 ஏன் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, அதற்காகவே எனக்கு இந்த வழி பிடிப்பதில்லை.

கேள்வி: 10கே (10 ஆயிரம் ஓம்) தெர்மிஸ்டர், 15 மீட்டர் நீட்டலாமா?

தாராளமாக நீட்டுங்கள். 25 டிகிரியில் ஒரு டிகிரிக்கு 400 ஓமுக்கு மேல் மாறும், வயரின் 2 ஓம் எங்கே தெரியப்போகிறது. ஜாயின்ட்டில் ஈரம் மட்டும் புகக்கூடாது.

கேள்வி: மைனஸ் 80 ஃப்ரீசர். கதவு இடுக்கு வழியாகக் கேபிளை விட்டிருக்கிறோம், ஜாயின்ட் உள்ளேயே இருக்கிறது. சரியா?

இரண்டும் சரியில்லைப்பா. கதவின் ரப்பர் விளிம்பான கேஸ்கெட் கேபிளைச் சுற்றி முழுதாக மூடாது, அந்த இடைவெளியில் ஈரக்காற்று புகுந்து பனி கட்டும், பனி கட்டினால் கதவு இன்னும் மூடாது. பெரும்பாலான ஃப்ரீசர்களில் பின்புறமோ பக்கத்திலோ சென்சாருக்கென்றே ஒரு துளை உண்டு, ரப்பர் அடைப்பு போட்டிருக்கும். அதன் வழியே விட்டு இடைவெளியை நன்றாக அடையுங்கள். ஜாயின்ட்டை வெளியே கொண்டுவாருங்கள், கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஈரம் படிகிறது. அப்புறம் சாதாரண பிவிசி உறை அந்தக் குளிரில் விறைத்து, மடக்கினால் வெடிக்கும். உள்ளே இருக்கும் நீளம் டெஃப்லான் உறையாக இருக்கட்டும்.

கேள்வி: டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் சென்சார் ஆறு இருக்கிறது. நீட்டிய பிறகு சிலது 85 என்கிறது, சிலது மைனஸ் 127.

85 என்பது பவர் வந்ததும் அந்தச் சிப் காட்டும் ஆரம்ப அளவு, அளவெடுத்து முடிக்கப் பவர் போதவில்லை அல்லது முடியும் முன்பே படிக்கிறீர்கள். மைனஸ் 127 என்பது சென்சாரே பதில் சொல்லவில்லை என்று நிரல் சொல்வது. நடுவிலிருந்து ஆறு பக்கமும் தனித்தனிக் கேபிள் இழுத்திருப்பீர்கள். ஒரே கேபிளாக ஓட்டி, வழியில் ஒவ்வொரு சென்சாரையும் குட்டையான வயரில் இணைத்துப் பாருங்கள். டேட்டாவையும் கிரவுண்டையும் ஒரே முறுக்கு ஜோடியில் விடுங்கள். பவருக்குத் தனி வயர் கட்டாயம். டேட்டா வயரைப் பவரோடு இணைக்கும் புல்அப் மின்தடையை 4.7 கிலோ ஓமிலிருந்து 2.2 ஆகக் குறைத்தும் பார்க்கலாம்.

கேள்வி: கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அளவு குதிக்கிறது.

சென்சார் கேபிளை மின்சாரக் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் முதலில் பிரியுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகப் போகட்டும். ஷீல்டு (உள்ளே சுற்றிய உலோக உறை) உள்ள முறுக்கு கேபிள் போட்டு, ஷீல்டைக் கருவிப் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள்.

கேள்வி: 60 மீட்டர் தள்ளி வேறு மாடியில் கண்ட்ரோல் அறை. எந்த வயர்?

சென்சார் வயரை அவ்வளவு தூரம் இழுக்காதீர்கள். சென்சார் பக்கத்திலேயே 4-20 மில்லிஆம்பியர் டிரான்ஸ்மிட்டர் வையுங்கள், அது அனுப்புவது மின்னோட்டம் என்பதால் வயரின் மின்தடை அளவைக் கெடுக்காது, வயர் அறுந்தால் பூஜ்யம் வந்து தானே காட்டிக்கொடுக்கும். ஓவன் உடம்பில் மட்டும் பொருத்த வேண்டாம், உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. பல இடங்கள் என்றால் ஆர்எஸ்485, அதாவது பல கருவிகள் ஒரே கேபிளில் அளவை டிஜிட்டலாக அனுப்பும் இணைப்பு.

கேள்வி: நீட்டி முடித்தாயிற்று, சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காய்ச்சி வடித்த நீரில் செய்த ஐஸை நொறுக்கி, இடைவெளி நிரம்பும் அளவுக்கு அதே நீரை ஊற்றி, சென்சாரை ஆழமாகச் செருகிக் கலக்கிக்கொண்டே இருங்கள். அளவு 0-வில் நிற்க வேண்டும். தெர்மோகப்புளுக்கு இது மட்டும் போதாது, ஜாயின்ட்டும் கருவியும் ஒரே சூட்டில் இருந்தால் தப்பான வயரும் 0 காட்டிவிடும். அதனால் நுனி ஐஸிலேயே இருக்க, ஜாயின்ட்டுக்கு ஹேர் டிரையரால் மிதமான சூடு காட்டுங்கள். அளவு நகர்ந்தால் அந்த ஜாயின்ட்டைப் பிரித்துப் பாருங்கள்.