டி.எம்.எஸ். பாட்டும் மைனஸ் ட்ராக்கும்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பகலில் கொரியர் வேலை. சில வருடங்களாக டி.எம்.சௌந்தரராஜன் பாடல்களை மட்டும் மேடையில் பாடிவருகிறேன். கோயில் திருவிழா, ரிசப்ஷன், அவருடைய நினைவு நாள் என்று கூப்பிடுகிறார்கள். குரல் அச்சு அசல் அவர்தான் என்கிறார்கள். பட்டு ஜிப்பா, விபூதி, குங்குமத்தோடுதான் மேடை ஏறுவேன். ஆனால் மூன்றாவது பாட்டிலேயே ஜனங்கள் போனை எடுத்துவிடுகிறார்கள். நடுவில் மிமிக்ரி சேர்க்கலாமா? கீழே இறங்கிப் பாடலாமா? எல்இடி திரை வைக்கலாமா? கூட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் பத்து மணி என்று மைக்கை நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள். வரும் மே 25 நினைவு நாள் கச்சேரிக்குள் ஏதாவது செய்ய வேண்டும். வீடியோ அனுப்பியிருக்கிறேன். நீங்கள் நம்ம பக்கத்து ஆள் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வீடியோவை முழுக்கப் பார்த்தேன். நல்ல குரல். மேல் ஸ்தாயியில் கத்தாமல் நிற்கிறீர்கள், அது எல்லோருக்கும் வாய்க்காது. இதைச் சொல்லிவிட்டுத்தான் திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மிமிக்ரி வேண்டாம். எல்இடி திரைக்கு வாடகைதான் தண்டம். கீழே இறங்கிப் பாடுவது உங்கள் இஷ்டம். பத்து மணி விஷயத்தில் எனக்குத் துளியும் இரக்கமில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி அது. நம் தெருக்களில் ஸ்பீக்கருக்கும் அடுத்த வீட்டுத் தொட்டிலுக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது. ஆறரைக்கே ஆரம்பியுங்கள்.

வீடியோவில் என்னை உறுத்தியது வேறு. மேடையில் நீங்கள் ஒருவர்தான் நிற்கிறீர்கள். பின்னால் ஒரு லேப்டாப். தபேலா இல்லை, டோலக் இல்லை, கீபோர்டுகூட இல்லை. பாடகர் குரலை எடுத்துவிட்டு வாத்தியம் மட்டும் வைத்த மைனஸ் ட்ராக்கை ஓடவிட்டு, வரிகளுக்காகக் கையிலிருக்கும் போனையே பார்த்துப் பாடுகிறீர்கள். நீங்களே போனைப் பார்க்கும்போது ஜனம் போனைப் பார்த்தால் என்ன குற்றம்?

இரண்டாவது பாட்டில் லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்து வந்து ஆடுகிறாரே, கவனித்தீர்களா? ‘ஒன்ஸ்மோர்’ என்று விரலைச் சுற்றிக் காட்டுகிறார். நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, ட்ராக் அடுத்த சரணத்துக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கேயே உங்கள் கச்சேரி முடிந்துவிட்டது தம்பி. மீதி ஒன்றரை மணி நேரம் லேப்டாப் பாடியது.

நான் வியாசர்பாடியில் வளர்ந்தவன். ஆடியில் கூழ் ஊற்றிய அன்று ராத்திரி தெருவை அடைத்து மேடை போடுவார்கள். முன்னால் பிள்ளைகள், பாய் விரித்துப் பெண்கள், டீக்கடை ஓரமாக ஆண்கள். எங்கள் குழுவில் எம்ஜிஆர் பாட்டுக்கென்று ஒருவர் இருந்தார். பெரம்பூர் பின்னி மில்லில் வேலை. குரல் உங்களுடையதில் பாதிகூடக் கிடையாது. ஒரு தடவை பாட்டு முடியப்போகிற நேரத்தில் இரண்டாம் ஷிப்ட் விட்டு ஆட்கள் சைக்கிளில் வந்து தெருமுனையில் இறங்கினார்கள். இவர் டோலக்காரரைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கினார். அவ்வளவுதான், பாட்டு பல்லவிக்குத் திரும்பிவிட்டது. ஸ்டாண்டு போட்டும் போடாமலும் அவர்கள் ஓடி வந்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தங்களுக்காகத்தான் பாட்டு திரும்பியது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. 1996-இல் அந்த மில்லை மூடினார்கள். அவர் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறியதாக நான் கேள்விப்படவில்லை.

ட்ராக் மலிவு, ஆர்கெஸ்ட்ராவுக்குக் கட்டுப்படியாகாது என்பீர்கள். முழு ஆர்கெஸ்ட்ராவை யார் கேட்டது? ஒரு டோலக், ஒரு கீபோர்டு போதும். சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுகிறவரை ஒரு ராத்திரி போய்ப் பாருங்கள். செத்தவர் பேரையும் அவர் பண்ணிய அழிச்சாட்டியத்தையும் அந்த இடத்திலேயே பாட்டில் சேர்ப்பார். எந்த மகள் அழுகிறாள், எந்த மச்சான் சிரிக்கிறான் என்று பார்த்துப் பார்த்து அடுத்த அடியை எடுப்பார். தாளக்காரன் அவர் வாயைப் பார்த்து வாசிப்பான். கூட்டத்தைப் பிடிப்பதற்கு உங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி வாத்தியார் இருக்கிறார். நீங்கள் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜிப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் தியாகராஜ பாகவதரைக் காப்பியடித்தவர்கள் கிராப்பையும் சேர்த்து வளர்த்தார்கள். அதில் அர்த்தம் இருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ நம் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. அங்கே குரலும் முகமும் ஒரே ஆள். டி.எம்.எஸ்.ஸே தொடக்கத்தில் பாகவதர் பாணியில் பாடியவர்தான். 1954-இல் ‘மலைக்கள்ளன்’, ‘தூக்கு தூக்கி’ இரண்டும் வந்தன. ஒன்றில் எம்ஜிஆருக்கு, இன்னொன்றில் சிவாஜிக்கு. அதற்குப் பிறகு அவர் அடுத்தவர் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டார். காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டால் எம்ஜிஆர்தான் வருவார், விபூதி வைத்த டி.எம்.எஸ். வரமாட்டார். நீங்களோ எம்ஜிஆர் பாட்டையும் சிவாஜி பாட்டையும் ஒரே குரலில், ஒரே ஜிப்பாவில் பாடுகிறீர்கள். அச்சு அசல் என்று சொன்னவர்கள் இரண்டையும் காது கொடுத்துக் கேட்டார்களா என்றே எனக்குச் சந்தேகம். சிவாஜி பாட்டில் வார்த்தையை அழுத்தி உடைக்கிறாரே அவர், அந்த இடத்தில் நீங்கள் வழுக்கிக்கொண்டு போகிறீர்கள். வெறும் சட்டையில் நின்று அதைச் சரிசெய்யுங்கள்.

வரிகளை மனப்பாடம் செய்யுங்கள். கொரியர் வண்டி ஓட்டும்போது முணுமுணுத்தாலே வந்துவிடும், சிக்னலில் மட்டும் கவனம்.

மே 25-க்கு வருகிறேன், இடத்தை எழுதுங்கள். டோலக்காரருக்குக் காசு குறைந்தால் சொல்லுங்கள், பாதி நான் தருகிறேன். மேடையில் லேப்டாப்பைப் பார்த்தால் முதல் பாட்டிலேயே எழுந்து போய்விடுவேன்.