நிறத்தை விடுங்கள், வாயைப் பாருங்கள்: இலங்கை நிலநத்தைகள் கேள்வி பதில்

கேள்வி: தோட்டத்துக் கொக்கோ மரங்களில் பெரிய நத்தைகள் ஏறியிருக்கின்றன. ஆபிரிக்க நத்தை, உப்புப் போட்டுக் கொல்லு என்கிறார்கள். கொல்லலாமா ஐயா?

பதில்: தயவுசெய்து பொறுங்கள். ஆபிரிக்க ராட்சத நத்தையின் ஓடு நீண்ட கூம்பு. உயரம் அகலத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளர்ந்ததில் 7 முதல் 9 சுருள். வாய், அதாவது நத்தை வெளியே வரும் துளை; அதன் விளிம்பு வளர்ந்த பிறகும் மெல்லியதுதான். வாய்க்குள் தெரியும் நடுத்தண்டின், அதாவது ஓடு சுற்றிச் செல்லும் அச்சின், அடியைப் பாருங்கள். கத்தியால் நறுக்கினாற்போல் சட்டென்று முடிந்திருக்கும்.

கொக்கோ மரத்தில் இருப்பது அகாவஸ் என்ற நம் நாட்டு நத்தையாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அதன் ஓடு உயரத்தைவிட அகலம், சுருளும் குறைவு, வளர்ந்ததின் உதடு (வாய் விளிம்பு) தடித்து வெளிப்புறம் மடிந்திருக்கும். குஞ்சுக்கு அந்த மடிப்பு வந்திராது, அதனால் உதட்டை மட்டும் நம்பாமல் உருவத்தையும் பாருங்கள். முட்டையும் காட்டிக்கொடுக்கும்: ஆபிரிக்க நத்தை 5 மில்லிமீட்டர் அளவில் நூறுக்கு மேல்கூட இடும், அகாவஸ் இடுவது பெரிய முட்டைகள், அதுவும் சில மட்டுமே. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பேரினம் அது. தவறிக் கொன்றால் ஈடுசெய்ய முடியாது.

ஆபிரிக்க நத்தைதான் என்று உறுதியானால் கையுறை போட்டு எடுங்கள். எலியின் நுரையீரல் புழு அதிலிருந்து மனிதருக்குத் தொற்றி மூளையுறையைத் தாக்கும். மண்ணில் உப்பைக் கொட்டாதீர்கள், செடிகள் கெடும். வாளியில் உப்புக் கரைசல் வைத்து அதில் போடுங்கள்.

கேள்வி: உதடு சிவப்பாக இருந்தால் அகாவஸ் ஹீமாஸ்டோமா என்ற இனம் என்று எழுதிவிடலாமா?

பதில்: கூடாது. ‘இரத்த வாய்’ என்பதே அந்தப் பெயரின் பொருள். 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இட்டது. ஆனாலும் ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் மாறும், வெயிலில் கிடந்த ஓடு வெளுத்தும் போகும். மேலிருந்தும் அடியிலிருந்தும் வாய்ப்பக்கமும் அளவுகோலோடு படமெடுத்து, இடத்தையும் அது கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் குறியுங்கள். ஐயம் இருந்தால் ‘அகாவஸ்’ என்பதோடு நிறுத்துங்கள். தவறான இனப்பெயரைவிட அதுவே பயன்படும்.

கேள்வி: காட்டில் கிடைத்த நத்தைக்கு வாயில் மூடி இருந்தது. தண்ணீர் நத்தை வந்துவிட்டதா?

பதில்: இல்லை. சைக்ளோஃபோரிடே குடும்பத்து நிலநத்தைகளுக்கும் மூடி உண்டு. ஊரும்போது பாருங்கள்: உணர்கொம்பு இரண்டுதான், கண் கொம்பின் அடியில். மற்ற நிலநத்தைகள் பெரும்பாலானவற்றுக்குக் கொம்பு நான்கு, கண் மேல் சோடியின் நுனியில். கோடையில் வாயை அடைத்திருக்கும் வெள்ளைத்தாள் போன்ற படலம் மூடி அல்ல, உலர்ந்த சளி. உண்மையான மூடி பாதத்தோடு ஒட்டியிருக்கும். வெறும் ஓட்டோடு மூடி கிடைத்தால் தனியே தொலைத்துவிடாதீர்கள். இந்தக் குடும்பத்து ஔலோபோமா என்ற பேரினத்தில் மூடியின் விளிம்பு வாய் விளிம்பையே கவ்வி நிற்கும். பேரினத்தைச் சொல்ல அந்த அடையாளம் போதும்.

கேள்வி: ஒரே ஓட்டில் எனக்கு 5 சுருள், நண்பருக்கு ஐந்தரை. எது சரி?

பதில்: இருவரும் வேறு வேறு இடத்திலிருந்து தொடங்கியிருப்பீர்கள். உச்சியை நேர் மேலிருந்து உருப்பெருக்கியில் பாருங்கள். நடுவே அரைவட்டமாக ஒரு தொடக்கப் புள்ளி தெரியும். அதன் நேர்விளிம்பையொட்டி ஒரு கோடு இருப்பதாக எண்ணி, அங்கிருந்து ஒரு முழுச் சுற்று வந்தால் 1. மிச்சத்தைக் கால் சுருள் வரை குறித்தால் போதும்.

கேள்வி: மரப்பெட்டியில் பஞ்சு வைத்துச் சேமித்த ஓடுகளில் வெள்ளைப் பொடி. பூஞ்சையா?

பதில்: பூஞ்சை அல்ல. மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஓட்டின் சுண்ணாம்பை அரித்து உப்பாக்குகிறது. ஓட்டைத் தண்ணீரில் கழுவி, முழுதாக உலர்த்தி, கண்ணாடிக் குப்பிக்கு மாற்றுங்கள். வார்னிஷ் பூச வேண்டாம். விவரச்சீட்டைப் பென்சிலால் எழுதி அதே குப்பிக்குள் போடுங்கள்.