டயானா டராசியின் சாதனைகள்

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை டயானா டராசி ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்றவர் என்கிறார்களே, உண்மையா? வேறு என்ன சாதித்தார்?

பதில்: உண்மைதான். 2004 ஏதென்ஸ் முதல் 2024 பாரிஸ் வரை ஒன்றையும் தவறவிடாமல் ஆறு தங்கம். கூடைப்பந்தில் ஆண், பெண் இருபாலரிலும் இதை முதலில் எட்டியவர் அவரே. ஆறாவதில் மட்டும் ஒரு முரண் உண்டு. பிரான்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவர் களமிறக்கப்படவே இல்லை. கடைசி நொடியில் பிரான்ஸின் கேபி வில்லியம்ஸ் எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தும், அவர் கால் மூன்று புள்ளிக் கோட்டை மிதித்திருந்ததால் இரண்டு புள்ளிகளே கிடைக்க, 67–66 என அமெரிக்கா தப்பியதை டராசி வெளியிலிருந்துதான் பார்த்தார்.

கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்காக 2002 முதல் 2004 வரை தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்களை வென்ற அவர், பின்னர் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் பீனிக்ஸ் மெர்குரி அணிக்கு மட்டுமே இருபது பருவங்கள் ஆடி, 2007, 2009, 2014 ஆகிய ஆண்டுகளில் லீக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். என் கணிப்பில் அவருடைய உச்சம் 2023 ஆகஸ்ட்: 41 வயதில், அட்லாண்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 42 புள்ளிகள் குவித்து, அந்த லீக்கில் 10,000 புள்ளிகளைக் கடந்த முதல் வீராங்கனை ஆனார். 2025 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்தபோது அவர் கணக்கில் 10,646 புள்ளிகள் இருந்தன.