கேமரா சர்வரை ஒரே ஸ்கிரிப்டில் மேம்படுத்தலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை. உபுண்டு கணினியில் ஸோன்மைண்டர் (கண்காணிப்பு கேமராக்களைப் பதிவு செய்யும் மென்பொருள்), 8 கேமரா. புதுப் பதிப்புக்கு மாறும்போதெல்லாம் ஏதாவது நின்றுவிடுகிறது. ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதினால் சரியாகுமா?
- வாசகர், சென்னை-21

பதில்: சரியாகும், வரிசை பிசகாமல் இருந்தால். தொடக்கத்திலேயே 'செட் -ஈ' போடுங்கள். ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். பிறகு ஸோன்மைண்டர் சேவையை நிறுத்தி, அதன் 'இஸட்எம்' டேட்டாபேஸை, டேட்டாபேஸைக் கோப்பாகப் பிரதி எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளை மூலம் வேறு டிஸ்கில் எடுத்துவைக்க வேண்டும். அந்தக் கோப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்க்கட்டும். இல்லையென்றால் மேலே போகவே கூடாது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் 'ஆப்ட்' கட்டளை மூலம் ஸோன்மைண்டர் பேக்கேஜை மேம்படுத்துங்கள்; உடனே, டேட்டாபேஸ் டேபிள்களைப் புதுப் பதிப்புக்கு மாற்றும் 'இஸட்எம்அப்டேட்.பிஎல்'லை ஓட்டுங்கள். இது ஓடாவிட்டால் டேபிள்கள் பழையபடியே கிடக்கும், சேவை எழாது.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை 'இஸட்எம்.கான்ஃப்' என்ற அமைப்புக் கோப்பில் எழுதாதீர்கள். மேம்படுத்தும்போது அது மாற்றி எழுதப்படலாம். பக்கத்திலுள்ள 'கான்ஃப்.டி' ஃபோல்டரில் தனிக் கோப்பாக வையுங்கள். வெப் சர்வர் இயங்கும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' குழுவுக்கு அதைப் படிக்கும் அனுமதி வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் சில கேமராக்கள் மட்டும் வரவில்லையா? ஷேர்டு மெமரியை (கேமரா படங்களைத் தற்காலிகமாக வைக்கும் ரேம் பகுதி) பாருங்கள். 1920×1080 வண்ணப் படம் ஒன்றுக்கு சுமார் 8 எம்பி. கேமராவுக்கு 20 படம் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) நின்றால், 8 கேமராவுக்கு 1.3 ஜிபி. அதற்கான இடம் வழக்கமாக ரேமில் பாதிதான். 2 ஜிபி ரேம் போதாது.