டாக்டரம்மா பதில்கள்: கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை

கேள்வி: அன்புள்ள டாக்டரம்மாவுக்கு, எனக்கு வயது 53. கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் வீட்டோடு ஒட்டிய கடையில் தையல் வேலை செய்கிறேன். 49 வயதில் மாதவிலக்கு நின்றது. அதற்கப்புறம் உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி சூடு, வியர்வை, ராத்திரித் தூக்கமில்லை. நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். எஸ்ட்ரடையால் ஒரு மில்லிகிராம் மாத்திரையும், ராத்திரிக்குப் புரோஜெஸ்டிரோன் கேப்சூலும் தந்தார்கள். இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். சூடு போய்விட்டது, தூக்கமும் வருகிறது. ஆனால் கடந்த ஒரு வருடமாகக் கீழே ஒரே வறட்சி, எரிச்சல். மெஷினில் உட்கார்ந்தால் உறுத்துகிறது. ஸ்கூட்டரில் மார்த்தாண்டம் போய்வந்தால் அன்றைக்கு முழுக்க வேதனை. இந்த வருடம் மட்டும் மூன்று தடவை மூத்திரக் கடுப்பு. கடைசித் தடவை டெஸ்டில் கிருமி எதுவும் இல்லை என்று வந்தது, ஆனாலும் எரிந்தது. என் வீட்டுக்காரர் 22 வருடம் சவுதியில் இருந்துவிட்டு போன வருடம்தான் ஒரேயடியாக ஊர் திரும்பினார். சேர்ந்திருக்க முடியவில்லை, வலி உயிர் போகிறது. நான் விலகிப் படுப்பதை அவர் வேறு மாதிரி நினைக்கிறார். போன மாதம் டாக்டர் எஸ்ட்ரியால் கிரீம் எழுதித் தந்தார்கள். வீட்டில் வந்து உள்ளே இருந்த தாளைப் படித்தால் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம் என்று போட்டிருக்கிறது. ஏற்கெனவே ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேனே, இதுவும் சேர்ந்தால் இரட்டை அளவு ஆகிவிடாதா? பயந்துபோய் டியூபைப் பீரோவில் சேலைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். தேங்காய் எண்ணெய்தான் தடவுகிறேன். மகளிடமும் சொல்ல முடியவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில் அந்த டியூபைச் சேலைக்குப் பின்னாலிருந்து எடுங்கள். எடுத்துக் கட்டில் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

உங்களுக்கு இருப்பது யோனிச் சுவர் மெலிந்து வறண்டு போகும் நிலை. ‘கீழே’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தக்கலையில் 36 வருடம் கிளினிக் நடத்திய எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் நன்றாகத் தெரியும். ஆனாலும் யோனி என்றே எழுதுகிறேன். பெயர் சொல்லாமல் விட்டதால்தான் பாதிப் பெண்கள் இதை மூத்திரக் கடுப்பு, உஷ்ணம், வயசு என்று சொல்லிக்கொண்டு நாளைத் தள்ளுகிறார்கள். நாங்கள் படிக்கிற காலத்தில் பாடப்புத்தகத்திலேயே இதற்கு ‘கிழட்டு யோனி அழற்சி’ என்கிற மாதிரி ஒரு பெயர் இருந்தது. கேட்கிற பெண்ணுக்கு எப்படி இருக்கும்! 2014-ல்தான் உலக அளவில் மருத்துவ அமைப்புகள் கூடி, மாதவிலக்கு நின்றபின் பிறப்புறுப்பிலும் சிறுநீர்ப் பாதையிலும் வரும் எல்லாத் தொல்லைகளுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்தார்கள். சிறுநீர்ப் பாதையையும் அதில் சேர்த்தது சும்மா இல்லை. உங்கள் கடுப்பும் உங்கள் வறட்சியும் ஒரே நோய்.

எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை யோனிச் சுவர் தடிமனாக, மடிப்பு மடிப்பாக, ஈரமாக இருக்கும். அந்தச் சுவரின் செல்களில் ஒருவகைச் சர்க்கரைச் சத்து சேர்ந்திருக்கும். லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அதைத் தின்று அமிலம் சுரக்கும். நம் வீட்டுத் தயிரைப் புளிக்க வைக்கிறதே, அந்தக் குடும்பம்தான். அமிலம் இருப்பதால் கெட்ட கிருமி அண்டாது. எஸ்ட்ரோஜன் குறைந்தால் சுவர் காகிதம் போல மெலிகிறது, நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி இல்லை, அமிலம் குறைகிறது. மலவாய்ப் பக்கத்துக் கிருமி தாராளமாக முன்னால் வருகிறது. சிறுநீர்த் துவாரமும் சிறுநீர்ப்பையின் கழுத்தும் எஸ்ட்ரோஜனை நம்பி வாழ்கிறவைதான். அவையும் மெலிந்தால் கிருமி இல்லாமலே எரியும். உங்கள் மூன்றாவது டெஸ்டில் ஒன்றும் வராததற்குக் காரணம் அதுதான்.

சரி, மாத்திரையில் எஸ்ட்ரோஜன் இருக்கிறதே, அது அங்கே போகாதா? போகும். ஆனால் போதாது. பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் போடுவான். தலைமடைக்காரன் நாற்று நட்டுவிடுவான், கடைமடைக்காரன் வாய்க்காலை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான். அணையைத் திறக்கவில்லை என்று அவன் சொல்ல முடியாது, தண்ணீர் அவன் வயலுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். உங்கள் மாத்திரை மூளையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்துக்குப் போதுமானது, எலும்புக்கும் நல்லது. யோனி கடைமடை. ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்காவது இப்படித்தான் ஆகிறது. மாத்திரையைக் கூட்டினால் கடைமடைக்கு வரும் முன்னே மற்ற இடத்தில் வெள்ளம் பாயும். அதைவிடக் கடைமடையிலேயே ஒரு கிணறு தோண்டுவது மேல். அந்தக் கிணறுதான் இந்தக் கிரீம்.

இரட்டை அளவு பயத்துக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போடுவோம், தையல்காரருக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே வைக்கிற எஸ்ட்ரடையால் மாத்திரை என்று ஒன்று உண்டு, ஒன்றில் 10 மைக்ரோகிராம். முதல் இரண்டு வாரம் தினமும் ஒன்று, பிறகு வாரம் இரண்டு. ஒரு வருடம் முழுக்க வைத்தால் 114 மாத்திரை, மொத்தம் 1.14 மில்லிகிராம். நீங்கள் தினமும் விழுங்குவது ஒரு மில்லிகிராம். அதாவது உள்ளே வைக்கிறவர் ஒரு வருடத்தில் செலவழிப்பதை நீங்கள் ஒன்றேகால் நாளுக்குள் விழுங்கிவிடுகிறீர்கள். உங்களுக்கு எழுதியிருக்கும் எஸ்ட்ரியால் வேறு சரக்கு, மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஒப்பிட முடியாது. அது எஸ்ட்ரடையாலைவிடப் பலம் குறைந்த எஸ்ட்ரோஜன், அவ்வளவு தெரிந்தால் போதும். ரத்தத்தில் கலப்பது சொற்பம். அதனால் இந்தக் கிரீமுக்காகப் புரோஜெஸ்டிரோனைக் கூட்ட வேண்டாம். ஆனால் விழுங்குகிற மாத்திரைக்குத் துணையாகத் தந்த கேப்சூலை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள், கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு அதுதான் காவல்.

அந்தத் தாள் ஏன் அப்படிப் பயமுறுத்துகிறது? 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. சராசரி 63 வயதுப் பெண்களுக்கு, கர்ப்பிணிக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த எஸ்ட்ரோஜனும் ஒரு செயற்கைப் புரோஜெஸ்டினும் வாய்வழியே கொடுத்துப் பார்த்த ஆய்வு. அதில் கண்ட ஆபத்துகளை எல்லா எஸ்ட்ரோஜன் மருந்தின் மீதும் ஒட்டிவிட்டார்கள், வாரம் இரண்டு நாள் உள்ளே வைக்கும் அரை கிராம் கிரீம் உள்பட. 2025 நவம்பரில்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இதய நோய், மார்பகப் புற்றுநோய் பற்றிய அந்தக் கட்டம் கட்டிய எச்சரிக்கைகளை எடுக்கப்போவதாக அறிவித்தது. நீங்கள் படித்தது பழைய தாள். பயந்ததில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, எழுதித் தந்தவர்கள் இரண்டு நிமிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

மூத்திரக் கடுப்புக்கு இந்தக் கிரீம் எவ்வளவு கேட்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். 1993-ல் வெளியான ஆய்வு ஒன்று. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும், மாதவிலக்கு நின்ற 93 பெண்கள். ஒரு பாதிக்கு எஸ்ட்ரியால் கிரீம், மறு பாதிக்கு மருந்து சேர்க்காத வெறும் கிரீம். வெறும் கிரீம்காரர்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக ஆறு தடவை தொற்று. எஸ்ட்ரியால் போட்டவர்களுக்கு அரைத் தடவை. விழுங்குகிற எஸ்ட்ரோஜன் மாத்திரை இந்த வேலையைச் செய்வதில்லை என்பதையும் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. இது தெரியாமல் ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் விழுங்கும் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்! ஏன், நானே இருக்கிறேன். 51 வயதில் எனக்கு வந்தபோது ஆறு மாதம் பார்லித் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டு ஓபி பார்த்தேன். வருகிற பெண்களிடம் வெள்ளைபடுதா, ரத்தம் படுதா என்று கேட்கத் தெரிந்த எனக்கு, உட்கார்ந்தால் எரிகிறதா என்று கேட்கத் தெரியவில்லை. அண்டியாபீசில், அதுதான் முந்திரி ஆலையில், நாள் முழுக்கக் குத்தவைத்து வேலை பார்க்கும் ஒரு பெண்தான், ‘மிளகாய் அரைச்சு வச்ச மாதிரி இருக்கு டாக்டரம்மா’ என்று சொல்லி எனக்கே என் நோயைக் காட்டினாள்.

போடும் முறை: ராத்திரி எல்லா வேலையும் முடித்துப் படுக்கிற நேரத்தில். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். அப்ளிகேட்டர் குழாயில் டாக்டர் எழுதிய அளவு, பெரும்பாலும் அரை கிராம். குழாயின் நுனியில் கொஞ்சம் கிரீமைத் தடவிக்கொண்டு, முதுகுப்பக்கமாகச் சாய்த்துப் பைய உள்ளே விடுங்கள். உங்களுக்கு எரிச்சல் வாசலிலும் இருப்பதால், விரல் நுனியில் ஒரு பயறளவு எடுத்து யோனி வாசலிலும் சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றியும் தடவுங்கள். இதைப் பல டாக்டர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் தினமும், அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாள். எனக்கு ஞாயிறும் புதனும். நாள் குறித்துக்கொள்ளாவிட்டால் கட்டாயம் மறக்கும். முதல் சில நாட்கள் கிரீமே எரியும், புண்பட்ட தோல் அல்லவா? அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். குழாயைச் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுக் கழுவினால் போதும், கொதிநீரில் போட்டால் கோணிப்போகும்.

மூன்று, நான்கு வாரத்தில் உறுத்தல் குறைவது தெரியும். முழுப் பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அப்புறம்தான் பெரிய தவறு நடக்கும்: ‘சரியாகிவிட்டது’ என்று டியூபை மறுபடி பீரோவில் வைப்பது. நிறுத்தினால் சில மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பும். கிணற்றை மூடினால் வயல் காயத்தானே செய்யும்? சூட்டுக்கான மாத்திரையை ஒருநாள் டாக்டர் நிறுத்தலாம். இந்த வாரம் இரண்டு நாள் வேலையை அதோடு சேர்த்து நிறுத்த வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் தப்பில்லை, நம் ஊரில் அதைத் தப்பென்று சொல்லிவிட்டு நான் தெருவில் நடக்க முடியுமா? சேரும் நேரத்தில் வழுவழுப்புக்கு உதவும். ஆனால் ஆணுறை போடுகிறவர்கள் எண்ணெய் பக்கமே போகக் கூடாது, ரப்பர் கிழியும். எண்ணெய் மெலிந்த சுவரைத் தடிமனாக்காது, அமிலத்தையும் திருப்பித் தராது. பகலில் உறுத்தினால் ஹயலுரானிக் அமிலம் கலந்த ஈரப்பத ஜெல்லை வாரம் இரண்டு மூன்று தடவை, கிரீம் போடாத நாட்களில் வைக்கலாம். டெட்டால் தண்ணீர், வாசனைச் சோப்பு, மஞ்சள் வேப்பிலைக் கஷாயத்தில் உள்ளே கழுவுவது எல்லாம் இன்றோடு போதும். வெளியே வெறும் தண்ணீர், உள்ளே எதுவும் வேண்டாம்.

வீட்டுக்காரரிடம் பேசுங்கள். 22 வருடம் போனிலேயே குடும்பம் நடத்தியவர்கள் நீங்கள் இரண்டு பேரும். இதையும் பேசிவிடலாம். ‘எனக்கு இஷ்டமில்லாமல் இல்லை, உள்ளே தோல் காய்ந்து கிழிகிறது, மருந்து போடுகிறேன், இரண்டு மூன்று மாதம் பொறுங்கள்’ என்று சொல்லுங்கள். முகம் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் டீ குடிக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். இன்னொன்று: பல மாதம் வலித்த உடம்பு, வலி வரும் முன்னே தன்னை இறுக்கிக்கொள்ளும். சுவர் சரியான பின்னும் அந்த இறுக்கம் நிற்கலாம். அதைத் தளர்த்தப் பிசியோதெரபி உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

ரத்தம் ஒரு சொட்டுப் பட்டாலும், கிரீம் உரசியதால்தான் என்று நீங்களாக முடிவு செய்யாமல் உடனே காட்டுங்கள். வாசலில் வெள்ளை வெள்ளையாகத் தோல் தடித்து அரித்தாலோ, மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் குறையாவிட்டாலோ அது வேறு தோல் நோயாக இருக்கலாம். கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும், கடிதத்தில் முடியாது.

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் இதே வறட்சி. கிரீம் வாங்கித் தரலாமா? (வாசகி, குளச்சல்)

பதில்: நீங்களாக வாங்கித் தராதீர்கள். லெட்ரோசோலின் வேலையே உடம்பில் எஸ்ட்ரோஜனை அடிமட்டத்துக்குக் கொண்டுபோவது. அதனால்தான் வறட்சியும் கடுமையாக இருக்கிறது. முதலில் ஹார்மோன் இல்லாத ஜெல்லைத் தொடர்ந்து இரண்டு மாதம் பயன்படுத்தட்டும், அவ்வப்போது அல்ல. அதில் தீராவிட்டால் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள். அம்மா வாய் திறக்கமாட்டார், நீங்கள்தான் கூடப் போய்ச் சொல்ல வேண்டும்.

கேள்வி: 58 வயது, சர்க்கரை நோய் உண்டு. கிரீம் போட்டு எரிச்சல் போனது. இப்போது திடீரென்று தாங்க முடியாத அரிப்பு, தயிர் திரிந்த மாதிரி வெள்ளை. கிரீம் ஒத்துக்கொள்ளவில்லையா? (அருமனை)

பதில்: அது பூஞ்சைத் தொற்று மாதிரி தெரிகிறது. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ஏதாவது மாத்திரை புதிதாகச் சேர்த்தார்களா என்று சீட்டைப் பாருங்கள். அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும், அங்கே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மருந்து. டாக்டரிடம் காட்டிப் பூஞ்சைக்கு மருந்து வாங்குங்கள். எஸ்ட்ரோஜன் கிரீமை அது ஆறும்வரை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, மறுபடி வழக்கமான இரண்டு நாளில் தொடங்கலாம்.