64 கட்டத்துக்கு 64 பிட்: செஸ் இன்ஜின் கேள்வி பதில்

காரைக்குடியில் பகலில் கடைக் கணக்கு, ராத்திரியில் செஸ் இன்ஜின் (செஸ் ஆடும் புரோகிராம்) எழுதுவது என்று என் பொழுது போகிறது. கம்ப்யூட்டர் மாற மாற இன்ஜின் எழுதும் விதமும் ஏன் மாறுகிறது என்று சுற்றுவட்டாரத்தில் கேட்டவர்களுக்கு இங்கே பதில்.

தேவகோட்டை மாணவர்: அண்ணே, பலகையை 64 இடமுள்ள அரேயாக (வரிசைப் பட்டியலாக) எழுதியிருக்கிறேன். கட்டத்துக்கு ஒரு பிட் வைக்கும் பிட்போர்டுக்கு மாறியே ஆகணுமா?

கட்டாயமில்லை தம்பி, ஆனால் மாறினால் திரும்ப வரமாட்டாய். வெள்ளைச் சிப்பாய்கள் நிற்கிற கட்டங்களை ஒரே 64 பிட் எண்ணில் வைத்துவிட்டால் எட்டுச் சிப்பாயையும் முன்னே தள்ள ஒரு ஷிஃப்ட் (பிட்டுகளை மொத்தமாக நகர்த்துவது), எதிர்க் கட்டம் காலியா என்று பார்க்க ஒரு ஆண்ட் (இரண்டு எண்ணிலும் உள்ள பிட்டை மட்டும் எடுப்பது), அவ்வளவுதான், ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்க்கும் லூப்பே கிடையாது. யோசனை பழசு. 1974-ல் முதல் உலகக் கம்ப்யூட்டர் செஸ் போட்டியை வென்ற சோவியத் இன்ஜின் கைஸாவிலேயே இது இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர் 32 பிட்டாக இருந்தவரை அந்த எண்ணை இரண்டு துண்டாக உடைத்து வேலை வாங்க வேண்டியிருந்ததால் அரேக்காரர்களும் ஈடுகொடுத்தார்கள். 2003-ல் ஏஎம்டியின் 64 பிட் ப்ராசஸர் வந்த பிறகுதான் தராசு சாய்ந்தது.

பள்ளத்தூர் வாசகர்: யானை, மந்திரி நகர்வுக்கு மேஜிக் எண்ணா, பெக்ஸ்ட்டா?

ப்ராசஸரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டுமே முன்பே கணக்கிட்டு வைத்த நகர்வு அட்டவணையில் எந்த இடத்தைப் பார்ப்பது என்று கண்டுபிடிக்கும் வழி; மேஜிக் எண் அதைப் பெருக்கலால் செய்யும். பெக்ஸ்ட், 2013-ல் இன்டெல் ஹாஸ்வெல்லோடு வந்த கட்டளை; வழியில் நிற்கிற காய்களின் பிட்டுகளை மட்டும் பொறுக்கி நெருக்கிக் கொடுக்கும். ஏஎம்டியின் ஜென் 2 ப்ராசஸரிலும் அது உண்டு, ஆனால் ஆமை வேகம். ஜென் 3-ல் சரியாயிற்று. இரண்டையும் எழுதி வையுங்கள்.

கோட்டையூர் வாசகர்: ஹாஷ் டேபிளுக்கு (அலசிய நிலைகளைக் குறித்து வைக்கும் பட்டியல்) 8 ஜிபி கொடுத்தேன், வினாடிக்கு அலசும் நிலைகள் குறைந்தே போயின. ஏன்?

இதில்தான் நானும் பல ராத்திரி தூக்கம் கெட்டேன். முகப்பில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறீர்கள். மேசை டிராயரில் இருக்கிற சீட்டு சட்டென்று கைக்கு வரும், வளவு தாண்டி மூன்றாம் கட்டில் இருக்கிற பெட்டகத்துச் சீட்டுக்கு எழுந்து நடந்தாக வேண்டும். டிராயர்தான் கேஷ் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன மெமரி), பெட்டகம் ராம். ப்ராசஸர்கள் வேகமான அளவுக்கு ராம் வேகமாகவில்லை, அதனால் டேபிள் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு தேடலும் பெட்டகத்துக்கு நடை. இதற்கு வைத்தியம் உண்டு. நகர்வைத் தீர்மானித்ததுமே அடுத்த நிலையின் ஹாஷ் சாவியை (டேபிளில் அதன் இடத்தைச் சொல்லும் எண்) கணக்கிட்டு ப்ரீஃபெட்ச் (முன்னதாக எடுத்து வை என்ற கட்டளை) கொடுத்தால், பையனை முன்னாலேயே பெட்டகத்துக்கு அனுப்பின மாதிரி, மற்ற வேலை முடிவதற்குள் சீட்டு வந்துவிடும். கேஷ் 64 பைட் கட்டுகளாகத்தான் எடுக்கும், ஆகவே ஒரு தேடலில் பார்க்கிற பதிவுகள் எல்லாம் ஒரே கட்டுக்குள் அடங்கட்டும். எல்லை தாண்டினால் இரண்டு நடை. பெரிய மெமரி பேஜையும் (ராமைப் பெரிய துண்டுகளாகப் பிரிப்பது) போட்டுப் பாருங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி: பேரன் செஸ்ஸுக்கு என்று விலை கூடின கிராபிக்ஸ் கார்டு கேட்கிறான். வேணுமா தம்பி?

லீலா என்ற இன்ஜினை ஓட்டுகிறானா என்று கேளுங்கள் ஆச்சி, அதற்கு வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின் என்றால் அது சாதா ப்ராசஸரிலேயே ஓடும், காசைப் பத்திரமாக வையுங்கள். (பேரன் வேறு விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று என் சந்தேகம்.)

பேரனுக்கு விளக்கம்: 2017-ல், லீலாவைப் போல நியூரல் நெட்டில் (பயிற்சியில் கற்றுக்கொள்ளும் கணக்கு வலை) ஓடும் ஆல்ஃபாஸீரோ இன்ஜின், அதற்கென்றே செய்த நாலு டிபியு சிப்பில் வினாடிக்கு 80,000 நிலைதான் பார்த்தது, எதிரில் ஸ்டாக்ஃபிஷ் 7 கோடி, ஜெயித்தது ஆல்ஃபாஸீரோ. நியூரல் நெட் என்றால் கார்டு இல்லாமல் முடியாது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். 2018-ல் ஜப்பானில் யு நாசு ஷோகிக்காக (ஜப்பானியச் செஸ்) செய்த என்என்யுஇ என்ற நியூரல் நெட் அதை மாற்றிவிட்டது. ஒரு நகர்வில் ஒன்றிரண்டு காய்தானே மாறுகிறது, நெட்டின் முதல் அடுக்கில் அந்த வித்தியாசத்தை மட்டும் கூட்டிக் கழித்தால் போதும். கணக்கும் பெரும்பாலும் 8 பிட், 16 பிட் முழு எண்களில்தான். ப்ராசஸரில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இருந்தால் 32 சின்ன எண்களை ஒரே வீச்சில் முடித்துவிடும். ஸ்டாக்ஃபிஷ் 12, 2020-ல் இதை எடுத்துக்கொண்டது.

குன்றக்குடி வாசகர்: 8 கோர் இருந்தால் 8 மடங்கு பலமா?

இல்லவே இல்லை. ஆல்ஃபா-பீட்டாவில் (பயனில்லாத நகர்வுகளை அலசாமல் வெட்டும் தேடல் முறை) முதல் நகர்வின் முடிவு தெரிந்தால்தான் அடுத்ததை வெட்டலாம், பங்கு பிரிப்பது கஷ்டம். இப்போது பலர் செய்வது லேஸி எஸ்எம்பி: எல்லாக் கோரும் ஒரே நிலையைத் தேடட்டும், ஹாஷ் டேபிள் மட்டும் பொது. கேட்கச் சோம்பேறித்தனமாக இருக்கும், ஆனால் என் இன்ஜினில் அழகாகப் பங்கு பிரித்து எழுதின பழைய கோடிங்கை இது தோற்கடித்ததும் அதை அழித்துவிட்டேன்.