அம்மாவின் ஒரு நாள்

கேள்வி: பூட்டானில் மக்களின் மகிழ்ச்சியை அரசே அளக்கிறதாம். மகிழ்ச்சி அவரவர் மனசில் இருப்பது. அதற்கு அரசாங்கம் என்ன செய்துவிட முடியும்?
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அவர்கள் கேட்கிற கேள்விகளைப் படிக்கும் வரை. நேற்று கண் விழித்ததிலிருந்து படுக்கப்போனது வரை என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று வீடு வீடாகப் போய்க் கேட்கிறார்கள். சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாமே வேலைக் கணக்கில் சேரும். 8 மணி நேரத்துக்கு மேல் வேலை, 8 மணி நேரத்துக்குக் குறைவான தூக்கம் என்றால் அது குறை என்றே பதிவாகும்.

என் அம்மா 4 மணிக்கு எழுந்து அடிகுழாயில் குடத்தை வரிசையில் போடுவாள். ராத்திரி கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்க்க 11 ஆகும். குடும்ப அட்டைக்கு எழுதிப் போட்டபோது அப்பா அவள் பெயருக்கு நேரே ‘வேலை இல்லை’ என்று எழுதினார். அம்மா பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

தெருவுக்குள் குழாய் வந்தபோது அவளுக்கு ஐம்பது வயது. மறுநாள் 6 மணி வரை தூங்கினாள். உடம்புக்கு என்னவோ என்று பயந்துபோய் நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

அரசால் முடிந்தது இதுதான். பூட்டானின் 2008 அரசியல் சாசனமும் மகிழ்ச்சியைத் தருவதாகச் சொல்லவில்லை. மக்கள் அதைத் தேடிக்கொள்ளத் தோதான நிலைமைகளை உண்டாக்க அரசு பாடுபட வேண்டும் என்கிறது. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம், நேரம் என்று 9 துறைகள், 33 அளவுகோல்கள். 2010, 2015, 2022 என மூன்று முறை முழுதாக அளந்திருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் பூட்டானில் எல்லோருமே சந்தோஷமாக இருக்கிறார்களா?
– அதே வாசகி

பதில்: இல்லை அம்மா. ஒன்றுக்கு எவ்வளவு என்று கணக்கிடும் அவர்களுடைய மகிழ்ச்சிக் குறியீடு 2015-இல் 0.756 ஆக இருந்தது, 2022-இல் 0.781 ஆனது. ஆனாலும் படித்த பிள்ளைகள் வேலை தேடி ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. 1990-களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் மக்கள் பெருங்கூட்டமாக அந்த நாட்டிலிருந்து விரட்டப்பட்டார்கள். நேபாள முகாம்களில் இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அங்கேயும் தாய்மார்கள் குடத்தோடு வரிசையில் நின்றிருப்பார்கள். அந்த 33 அளவுகோல்களில் எதுவும் அவர்களை அளக்கவில்லை.